கொட்டகைக்கு யாரிடம் கேட்பது?

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு கொட்டகை இருந்திருக்கும். மாடு கட்டவோ, விறகு அடுக்கவோ, தாத்தாவோடு பேச்சு முறிந்த பெரியப்பா கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்தவோ அது உதவியிருக்கும். எங்கள் வீட்டுக் கொட்டகை இந்த மூன்றுக்கும் உதவிவிட்டு, நான் கல்லூரியில் படித்த எழுபதுகளில் என் படிப்பறையாகவும் ஆனது. பசு அசைபோடும் சத்தத்தில் படித்ததாலோ என்னவோ, பொருளாதாரம் என்றாலே எனக்கு இன்றும் ஊறவைத்த பருத்திக்கொட்டை வாசனைதான் முதலில் வருகிறது.

அந்தக் கொட்டகைக்கு வரைபடம் கிடையாது. "மாடு படுத்து எந்திரிக்கணும், கன்னுக்குட்டி ஒரு சுத்து சுத்தணும்" என்று தாத்தா காலால் மண்ணில் கோடு கிழித்ததுதான் ப்ளான். சவுக்குக் கழிகளை நட்டு, மூங்கிலைக் குறுக்கே கட்டி, தெருக்கோடி ஆயா முடைந்து கொடுத்த தென்னங்கீற்றை வேய்ந்து முடித்தால், மாடு பழைய இடத்தை மறந்து புது இடத்துக்குப் பழகுவதற்குள் பீர்க்கங்கொடி கூரையேறிவிடும். மழை பெய்தால் உள்ளே சத்தமே கேட்காது. கீற்று நனைந்த வாசனை வந்துதான் மழையைச் சொல்லும்.

அனுமதி என்பதே இல்லாத பொற்காலம் அது என்று நினைத்துவிடாதீர்கள். ஆடியில் கால் நடக் கூடாது, மார்கழியில் கூடவே கூடாது, மற்ற மாதங்களில் ராகுகாலமும் எமகண்டமும் போக மிச்சமிருக்கும் நேரம்தான் நமக்கு. ஈசானிய மூலையில் பாரம் ஏற்றக் கூடாது என்பார் ஜோசியர். இத்தனையும் தாண்டி, தாத்தா வேலியோரம் போய் நின்று, "மாப்ளே, ஒரு கொட்டகை போடலாம்னு இருக்கேன், ஒனக்கு ஏதும் சங்கடம் உண்டா?" என்று கேட்க வேண்டும். "தாராளமா போடுங்க மாமா, எறவாரத் தண்ணி மட்டும் எங்க பக்கம் சொட்டாம பாத்துக்குங்க" என்று பதில் வரும், பின்னாலேயே காப்பியும் வரும். அந்தச் சொட்டுத் தண்ணீருக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசிக்கொள்ளாத குடும்பங்களும் எங்கள் தெருவில் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கோ இதெல்லாம் நாட்டுப்புறத்தனமாகப் பட்டது. நூலகத்தில் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தைப் புரட்டி, மரம், மண், ஓலை, புல் இவற்றால் ஆனதெல்லாம் சட்டத்தின் கண்ணில் குடிசையே, குடிசை போடவும் மனு கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்த பெருமிதத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். குமாஸ்தா அதை இரண்டு முறை படித்தார். "தம்பி, மாட்டுக் கொட்டகைக்கு மனுவா? போங்க, போய் மாட்டைக் கட்டுங்க" என்றார். இந்த நாடு என்றைக்குச் சட்டப்படி நடக்கும் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

நடந்தது. இப்போது மாடு இல்லை. பேரனின் பைக்கும், தூக்கிப்போட மனம் வராத சாமான்களும் மழையில் நனையாமலிருக்க ஒரு ஷெட் வேண்டும். பொறியாளர் வந்து பட்டா, பத்திர நகல், புல வரைபடம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது என்று கேட்டுவிட்டு, "பின்பக்கம் காலியா விடவேண்டிய இடத்துல ஷெட் வருதே சார்" என்று உதட்டைப் பிதுக்கினார். 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். 2024 முதல் 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று அளித்து இணையவழியில் உடனே அனுமதி வாங்கலாமாம். முழு வீட்டுக்கு வாசல் இப்படி அகலத் திறந்திருக்க, என் ஷெட் எந்தக் கட்டத்துக்குள் நுழையும் என்று தேடுவதில்தான் அவருக்கு நேரம் போயிற்று. நான் எந்தப் படியும் ஏறவில்லை, யாருக்கும் வணக்கம் போடவில்லை. கைபேசிக்கு வந்த எண்ணைப் பேரனிடம் சொன்னதோடு என் பங்கு முடிந்தது. இளவயதில் நான் கேட்ட ராஜ்யம் இதுதான். வந்தபின் அந்தக் குமாஸ்தாவின் முகத்தைத் தேடுகிறேன்.

கீற்றுக்கூரையே போடலாமே என்று ஒருநாள் ஆசையாக வாயெடுத்தேன், பிறகு நானே அடக்கிக்கொண்டேன். 2004 ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக்கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் போன பிறகு, அந்த வாசனையைப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு நாக்கு தடுமாறுகிறது. விதிகளை வெறும் தொல்லை என்று சொல்ல முடியாமல் போவதும் அங்கேதான். ஆகவே கலர் ஷீட். சித்திரையில் உள்ளே நிற்க முடியவில்லை. மழை வந்தால் பேச்சு கேட்பதில்லை. ஆனால் கூரைத் தண்ணீர் குழாய் வழியாக மழைநீர்க் குழிக்குள் இறங்கிவிடுகிறது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து, பெரியவர்கள் பஞ்சாயத்து பேசியும் தீராத இறவாரச் சண்டைகள் எங்கள் தெருவில் தாமாகவே தீர்ந்துபோயின.

இத்தனை காகிதத்திலும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தூண் நட டிரில்லிங் மெஷின் அலறியபோதுதான் அவர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். அடுத்தடுத்து இத்தனை வருஷம் குடியிருந்தும், அவர் பெயரை நான் அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் ஷெட் போடுவதாக இருந்தால் எல்லா அனுமதியையும் முறையாக வாங்குங்கள். கையோடு பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.