அட்டை காட்ட முடியாத பயிற்சியாளர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கீழ்நிலை லீக் காற்பந்து எங்கே நடந்தாலும் அங்கே மூன்று பயிற்சியாளர்கள் இருப்பார்கள். இரண்டு பேர் திடலோரத்தில் நிற்பவர்கள். சம்பளக்காரர்கள், அந்தச் சம்பளம் சில மாதங்களில் வந்தும் சேரும். மூன்றாமவர் கிராண்ட்ஸ்டாண்டில் வெயில் படாத வரிசையாகப் பார்த்து, பக்கத்து இருக்கையில் குடையையும் மடித்த தமிழ் நாளிதழையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கையில் கச்சாங் பொட்டலம். சுற்றியிருப்பவர்கள் அவரைக் 'கோச் அங்கிள்' என்பார்கள்; அவர் எந்த அணிக்கும் கோச்சாக இருந்ததில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்துக்குள் அவர் மூன்று பேரை மாற்றியிருப்பார், வலது பின்களக்காரனை நடுவுக்குக் கொண்டுவந்திருப்பார், நடுவருக்கு நல்ல கண் டாக்டர் யாரென்று சொல்லியிருப்பார். கீழே நிற்கும் பயிற்சியாளர் இவற்றில் எதையும் செய்ய மாட்டார். அணி தோற்கும். அடுத்த வாரம் கோச் அங்கிள் மறுபடி வருவார்.

இவர் ஏன் வருகிறார் என்பது லேசான கேள்வி அல்ல. நல்ல ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் வீட்டை விட்டு நகர வேண்டியதே இல்லை. சனிக்கிழமை இரவு பத்து, பதினொரு மணிக்கு எந்த மாமாக் கடையிலும் பெரிய திரையில் இங்கிலீஷ் பிரிமியர் லீக் ஓடுகிறது. ஒரு தே தாரிக்கில் தொண்ணூறு நிமிடத்தையும் கடத்திவிடலாம். இவருடைய மகன் அப்படித்தான் கடத்துகிறான். பேரன் லிவர்பூல் ஜெர்சியோடு தூங்குகிறான். கிழவர் மட்டும் கிள்ளானில் கொமுட்டர் பிடித்து, சுபாங் ஜெயாவில் எல்ஆர்டிக்கு மாறி, கெலானா ஜெயாவில் இறங்கி, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து இன்னொருவர், அதே வயது, அதே குடை, எதிர்த் திசையிலிருந்து வந்து சேர்வார். வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: பழைய நினைவு, இனப்பற்று, வீட்டில் இருக்கப் பிடிக்காமை. மூன்றாவதை மறுக்க நமக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதற்குப் பேரங்காடியின் ஏர்கானே போதும், காற்பந்து தேவையில்லை. உண்மைக் காரணம் வேறு. இந்த நாட்டில் அவர் வாயைத் திறந்தால், சொன்னது சொல்லப்பட்டவன் காதில் விழுகிற ஒரே இடம் கீழ்நிலை லீக் ஆட்டம்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கெலானா ஜெயாவில் இருக்கும் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற அரங்கில் சுமார் 25,000 பேர் உட்காரலாம். அங்கே சில நூறு பேர் மட்டும் வந்த ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. மீதி அத்தனை இருக்கையும் காலி. காலி இருக்கைகள் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் "டேய் ஏழாம் நம்பர், பந்து உன் காலை விட்டுப் போய் ரெண்டு நாளாச்சு" என்று ஒருவர் சொன்னால் ஏழாம் நம்பர் கட்டாயம் திரும்பிப் பார்ப்பான். கோடு காக்கும் துணை நடுவர் நிலை இன்னும் பரிதாபம். அவர் கோட்டை விட்டு நகர முடியாது, கோடோ அங்கிளுக்கு நேர் கீழே. இதே மனிதரைக் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கின் எண்பதாயிரம் பேருக்கு நடுவே உட்கார வைத்தால் அவர் இரைச்சலின் எண்பதாயிரத்தில் ஒரு பங்கு. லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கோ பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மாமாக் கடைத் திரையைப் பார்த்து மகன் எவ்வளவு கத்தினாலும் அது பரோட்டா போடுபவரைத் தவிர எவரையும் பாதிக்காது. தரம் குறையக் குறையக் கூட்டம் குறைகிறது, கூட்டம் குறையக் குறையக் குரல் ஏறுகிறது. அங்கிள் தரத்தை விட்டுக்கொடுத்துக் குரலை வாங்கிக்கொள்கிறார். வியாபாரமாகப் பார்த்தால் புத்திசாலித்தனமானதே.

விதிப் புத்தகமும் அவர் பக்கம் நிற்கிறது. 2019இல் விதிகளைத் திருத்தி, திடலோரத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்று ஆக்கினார்கள். அன்றிலிருந்து சம்பளம் வாங்கும் கோச்சுகள் வாயை அளந்து திறக்கிறார்கள். கிராண்ட்ஸ்டாண்டு கோச்சுக்குக் காட்ட எந்த நிறத்திலும் அட்டை கிடையாது. ரசிகர்களின் நடத்தைக்காகக் கிளப்புக்கு அபராதம் போடலாம், போடவும் செய்கிறார்கள். ஆனால் கச்சாங் மென்றுகொண்டு "ரெஃபரி காயு" என்று சொல்பவரை நடுவர் என்ன செய்ய முடியும்? மலேசிய அரங்குகளில் நடுவரை மரக்கட்டை என்பது அநேகமாகத் தேசிய மரபு. மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட சில கருத்துகளில் அதுவும் ஒன்று. மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் என்ற வரம்பும் அங்கிளைக் கட்டுப்படுத்தாது. ஒரே ஆட்டத்தில் பதினோரு பேரையும் மாற்றி, கடைசியில் கோல் கீப்பரின் பூட்ஸ் சரியில்லை என்று முடிப்பவர் அவர்.

இனப்பற்றுதான் காரணம் என்பவர்களுக்கு மீஃபாவின் கதையை நினைவூட்ட வேண்டும். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி 2017இல் மலேசியாவின் இரண்டாம் நிலையான பிரிமியர் லீகில் ஆடத் தொடங்கியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீகுக்கே ஏறியது. இந்தியர்கள் முன்னின்று நடத்திய கிளப் ஒன்று நாட்டின் முதல் நிலையில் ஆடியது. இனப்பற்று ஆளை இழுக்குமானால் கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் பேருந்து பேருந்தாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து அந்த அணி சூப்பர் லீகில் ஆடியது. அந்தப் பருவத்தோடு லீகை விட்டே விலகியது. ஐயாயிரம் பேர் முகநூலில் வருத்தப்பட்டிருக்கலாம். அங்கிள் வருத்தப்படவில்லை, கோபப்பட்டார். கோபப்பட அவருக்குத் தகுதி இருந்தது, ஏனென்றால் வந்திருந்தவர் அவர். அப்படி வந்த காலத்திலும் அவர் நம்ம பையன்களுக்குச் சலுகை தந்ததில்லை. எதிரணிக்காரன் பந்தைத் தவறவிட்டால் "பரவால்ல" என்பார். நம்மவன் தவறவிட்டால் அவன் தாத்தா எந்தத் தோட்டத்தில் எந்த இடத்தில் ஆடினார் என்பதிலிருந்து தொடங்குவார். "அப்பன் நல்லா ஆடுவான். இவன் அம்மா பக்கம் போயிட்டான்." இதைப் பற்று என்று எந்த அகராதியிலும் போட மாட்டார்கள்.

பழைய நினைவு என்ற வாதம் கொஞ்சம் பலமானது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என்று அடித்ததும், 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியதும், எம். சந்திரன் பின்களத்தில் நின்ற விதமும் அங்கிளின் நாக்கு நுனியில் இருக்கின்றன. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதைச் சொல்வார். புறக்கணிப்பில் சேர்ந்துகொண்டு போகாமல் விட்டதையும் மூச்சு விடாமல் சொல்வார். அந்த ஆட்டத்தின் கோல் கீப்பர் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்டவர், 1988 டிசம்பரில் சாலை விபத்தில் போய்விட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் அங்கிள் குரலைத் தணிப்பார். ஆனால் நினைவில் வாழ விரும்புகிறவர் வீட்டிலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாரே? இவர் நினைவைத் திடலுக்குத் தூக்கிக்கொண்டு வருவது அடிப்பதற்காக. பத்தொன்பது வயதுக் கீப்பர் ஒருவன் பந்தை நழுவவிட்டதும் ஆறுமுகம் வெளியே வருவார். ஆறுமுகம் ஆடிய நாளில் இவர் அவரையும் திட்டியிருப்பார் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

திட்டுவதற்கு இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்தது? இங்கேதான் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். கிள்ளானைச் சுற்றிப் பால்மரக் காடுகள் இருந்த காலத்தில் தோட்டம் என்றால் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, திடல். ஆறு நாள் துரை பேசுவார், கிராணி பேசுவார், மண்டோர் பேசுவார். பால் வெட்டுகிறவர் கேட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மாலை அதே கிராணி அரைக்கால் சட்டையோடு திடலில் இறங்கிப் பந்தைத் தவறவிடும்போது, கோட்டுக்கு வெளியே நின்று "யோவ் கிராணி, பந்து அங்க இருக்குயா" என்று கத்த ஒரு தொழிலாளிக்கு அனுமதி இருந்தது. திங்கட்கிழமை காலை பெரட்டில் அதற்குத் தண்டனை இருந்திருக்காது. ஆட்டத்தில் சொன்னது ஆட்டத்தோடு போச்சு. பின்னால் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. புக்கிட் ராஜா தோட்டம் இன்று பண்டார் புக்கிட் ராஜா. அங்கே வட்டச் சாலைகள் ஏராளம், கத்துவதற்குத் தோதான கோடு குறைவு. அங்கிள் பட்டணத்துக்கு வந்தார். துறைமுகத்திலோ ரயில்வேயிலோ மாநகர் மன்றத்திலோ முப்பது வருடம் மேற்பார்வையாளர் பேச்சைக் கேட்டார். ஓய்வு பெற்றபின் மகன் பேச்சைக் கேட்கிறார், இப்போது கைப்பேசியில் பேத்தி பேச்சையும். தொண்ணூறு நிமிடம் தன் பேச்சை மற்றவர்கள் கேட்கும் இடத்தை ஒருவர் கொமுட்டர் ஏறித் தேடிப் போவதில் வியப்பென்ன?

ஒரு மறுப்பு மட்டும் உண்மையிலேயே உறுத்துகிறது. மாதச் சம்பளம் பாக்கியிருக்கும் ஒரு பையன், மழையில் நனைந்த திடலில் கால் சறுக்கி விழுந்ததும் "வித்துட்டான், வித்துட்டான்" என்று ஒரு பெரியவர் கத்துவது என்ன நியாயம்? 1994-95இல் மலேசியக் காற்பந்தை ஆட்ட விற்பனை ஊழல் உலுக்கியது, பல ஆட்டக்காரர்கள் தடை வாங்கினார்கள் என்பது சரித்திரம். அன்று கைக்குழந்தைகூட அல்ல, பிறக்கவே பிறக்காத ஒருவன் மீது அந்தப் பழியைப் போடுவது அநியாயம். இதில் அங்கிளைக் காப்பாற்ற நாம் முன்வரவில்லை. அவருக்கும் சில எல்லைகள் உண்டு என்பதைப் பதிவு செய்யலாம். அடிபட்டுக் கிடக்கிறவனைத் திட்ட மாட்டார். நிறத்தையும் இனத்தையும் இழுக்கும் பக்கத்து வரிசை இளைஞனை "தம்பி, அதெல்லாம் இங்க வேணாம்லா" என்று அடக்குவார். ஆட்டம் முடிந்து பையன்கள் வெளியே வரும்போது, முக்கால் மணி நேரம் வறுத்தெடுத்த அந்த ஏழாம் நம்பரை வாசலில் பிடித்து நிறுத்தி, "சாப்ட்டியாடா?" என்பார். திட்டின வாய்க்கும் கேட்கிற வாய்க்கும் இடையே அவருக்கு எந்த முரணும் தெரியாது. பையனுக்கும் தெரிவதில்லை என்பதுதான் வேடிக்கை. "சாப்ட்டேன் அங்கிள்" என்று தலையைச் சொறிவான். லிவர்பூலின் எந்த ஏழாம் நம்பரும் அங்கிளின் மகனிடம் இப்படிச் சொன்னதில்லை.

அவர் பத்து காசு தர மாட்டார், டிக்கெட் முகப்பில் மூத்த குடிமக்கள் சலுகைக்காகக் கால் மணி நேரம் வாதாடுவார், ஜெர்சி வாங்க மாட்டார், இவரால் எந்தக் கிளப்பும் பிழைக்காது என்று நிர்வாகிகள் சொல்வார்கள். சரிதான். ஆனால் கிளப்புகள் செத்தது இவர் ஜெர்சி வாங்காததால் அல்ல. மலேசியப் பிரிமியர் லீகே 2022 பருவத்தோடு கலைக்கப்பட்டது. 2024 முதல் ஏ1 செமி-புரோ லீக் அந்த இடத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் பெயர்ப் பலகை மாறியது, சின்னம் மாறியது, ஆதரவாளர் நிறுவனம் மாறியது. மாறாமல் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தது அங்கிளின் குடை. ஒரு லீகின் தொடர்ச்சியை அதன் ஆவணங்களைவிட ஒரு ஆளின் புலம்பல் நன்றாக வைத்திருக்கிறது என்றால், நிர்வாகம் யாருக்குச் சலுகை தர வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது.

இப்போது அந்தப் பெட்டாலிங் ஜெயா அரங்கில் சிலாங்கூர் ஆடுகிறது. 1994இல் திறந்த, எண்பதாயிரம் பேர் கொள்ளும் ஷா ஆலாம் அரங்கு பழுதாகி மூடப்பட்டதால் வந்த மாற்றம்; பின்னால் அதை இடித்தும்விட்டார்கள். பெட்டாலிங் ஜெயாவில் இப்போது முரசு உண்டு, கொடி உண்டு, ஒத்திகை பார்த்த பாட்டு உண்டு. தனிக்குரலுக்கு இடம் இல்லை. அங்கிள் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுக் காது வலி என்று ஏ1 ஆட்டம் நடக்கும் சின்னத் திடல்களுக்கு மாறிவிட்டார். அங்கேயும் இப்போது ஒரு புது எதிரி முளைத்திருக்கிறது: இடைவேளையிலும், மூலை உதையின்போதும், காரணமே இல்லாமலும் காது கிழியப் பாட்டுப் போடும் ஒலிபெருக்கி. கிளப் நடத்துகிறவர்களே, டிக்கெட் விலையை ஏற்றுங்கள், கச்சாங்கை இரண்டு ரிங்கிட் கூட்டி வில்லுங்கள், பொறுத்துக்கொள்வார். ஆட்டம் நடக்கும்போது அந்தப் பெட்டியை மட்டும் அணைத்து வையுங்கள். அவர் ஏழாம் நம்பரிடம் ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.