நிரந்தரக் காயம்பட்டவரின் விண்ணப்பம்

அனுப்புநர்:
காயம்பட்டவர் (நிரந்தரம்),
செல்லூர், மதுரை.

பெறுநர்:
பேரிடர் ஒத்திகை நடத்தும் உயர்திரு அலுவலர்,
உரிய துறை, மதுரை.

பொருள்: ஒத்திகையில் பதவி உயர்வு கோருதல் – தொடர்பாக.

பார்வை: பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 30.

ஐயா,

துறையின் பெயரை மறந்துபோய் விடவில்லை. பெயர் போட்டால் ‘இது எங்கள் துறை சார்ந்ததன்று’ என்று குறிப்பெழுதிப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். மொட்டையாக ‘உரிய துறை’ என்று எழுதினால், தன்னை உரிய துறை இல்லை என்று ஒப்புக்கொள்ள எந்த அலுவலகத்துக்கும் மனம் வராது.

ஒத்திகைகளில் காயம்படுவது என் பொதுச்சேவை. சங்கு ஊதியதும் மைதானத்தில் சுண்ணாம்பு போட்ட வட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்வேன். நெற்றியில் சிவப்பு மை தடவுவார்கள். இருவர் ஸ்ட்ரெச்சரில் தூக்குவார்கள். போட்டோக்காரர் “சார், இன்னொரு தடவை” என்றால் இறக்கி வைத்து மறுபடி தூக்குவார்கள். உச்சந்தலையிலிருந்து தாடை வரை கட்டுப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றி, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, டீயும் உளுந்தவடையும் இருக்கும் பந்தலருகே இறக்கிவிடுவார்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேராததால் நிலநடுக்கம் அரை மணி தாமதமாக வந்ததும் உண்டு.

இதனால் எனக்குக் காயம்படுவதில் நல்ல தேர்ச்சி. எலும்பு முறிவுக்கு ஒரு முனகல், தீக்காயத்துக்கு வேறு முனகல் என்று பிரித்தே முனகுவேன். ஆனால் கட்டு எப்படிப் போடுவது என்று இன்றுவரை தெரியாது. கட்டுப் போடும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதுதான் காரணம். வேலிக்கு அப்பால் நின்று கைதட்டும் பொதுமக்களுக்கு அதுகூட இல்லை. அவர்கள் கற்றுக்கொண்டது கைதட்ட மட்டும்தான்.

ஒத்திகை எப்போதும் முற்பகல் பதினொரு மணிக்கு. மதுரையின் பேரிடர்களுக்கு இந்த அலுவலக நேரம் இன்னும் முறைப்படி தெரிவிக்கப்படவில்லை போலிருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது 2018 பிப்ரவரி 2, இரவில். ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்தது 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலையில். கட்ராபாளையத்துப் பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்தது 2024 செப்டம்பர் 12, அதுவும் விடியும் முன்பே. ரயில் பெட்டியில் ஒன்பது பேர் இறந்தார்கள், விடுதியிலும் உயிர்கள் போயின. இவர்கள் விஷயத்தில் கேலிக்கு இடமில்லை, ஆகவே நேராகவே சொல்கிறேன்: அந்த முதல் சில நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர் யாரோ அவர்தான் மீட்புப் படை. வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்களுக்குப் பிறகுதான் வரும். அந்தப் பக்கத்து ஆளுக்கு சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருகி மூடவும், கேஸ் நாற்றம் வந்தால் லைட் ஸ்விட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி எங்கள் செல்லூருக்கு வருகிறேன். வைகை அணைக்கு மரியாதை உண்டு. முழு மட்டம் 71 அடி என்றால் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. பெண் பார்க்க வருபவர்கள்கூட இவ்வளவு தடவை சொல்லி அனுப்பிவிட்டு வருவதில்லை. ஆனால் 2024 அக்டோபர் 25 அன்று எங்களை முழுக்காட்டியது அணை அல்ல. பிற்பகலில் கால் மணி நேரத்துக்குள் 4.5 செ.மீ. கொட்டியதாக அரசே கணக்குச் சொன்னது. செல்லூர் கண்மாய் நிரம்பி, உபரி நீர் போகும் பந்தல்குடி வாய்க்கால் கொள்ளாமல், வீடுகளுக்குள் வந்தது. கண்மாய்க்கு முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை என்று எதையும் யாரும் ஒலிபெருக்கியில் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் எச்சரிக்கை, கட்டிலுக்கு அடியில் மிதந்த செருப்பு.

பிறகு அந்த வாய்க்காலுக்குச் சிகிச்சை நடந்ததையும் சொல்ல வேண்டும். 2025 மே கடைசியில் முதலமைச்சர் வரும் பாதையில் அது இருந்ததால், துணி கட்டி மறைத்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. முதலமைச்சரே நேரில் வந்து வாய்க்காலைப் பார்த்தார். படத்தைப் பார்த்ததும் எனக்குத் தொழில்முறைப் பாசம் பொங்கியது. எனக்குப் போடும் அதே கட்டு! உள்ளே என்ன புண் என்று பார்க்காமல் மேலே வெள்ளையாகச் சுற்றுவதில் வாய்க்காலும் நானும் ஒரே வார்டு.

கண்மாயைப் பற்றித் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் இங்கே ஊருக்கு ஊர் இருந்தார்கள். எந்த மடையை எப்போது திறப்பது, கலுங்கில் எவ்வளவு நீர் வழிந்தால் கரைக்கு ஆபத்து என்பது நீர்பாய்ச்சிக்குத் தெரியும். கோடையில் ஊரே இறங்கி வாய்க்கால் தூர்வாரும் வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். 2017இல் அரசு அந்தப் பெயரை மீட்டெடுத்து ஒரு திட்டத்துக்குச் சூட்டியது. பெயர் நன்றாகத்தான் மீண்டது. நகரத்துக்குள்ளோ, கண்மாயைத் தேடிப் போனால் கட்டடம் வருகிறது. உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை நடக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளும் அங்கேதான் விசாரணைக்கு வருகின்றன. இதற்கு மேல் எழுதினால் என் காயம் நிஜமாகிவிடும்.

ஊரே இறங்கித் தன் கண்மாயைப் பார்த்துக்கொண்டதுபோல் நாங்களும் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்கிறேன். ஆனால் சொந்தக் காலில் நிற்பது என்றால் வேலையை விட்டுவிட்டுச் சிறுமலை அடிவாரத்தில் மண்வீடு கட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு ஏக்கர் வாங்கக் காசுள்ளவர்கள் அதைச் செய்யட்டும். நான் கேட்பது வேறு. 2023 டிசம்பர் 17 இரவு, பெருவெள்ளத்தில் செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. வெளியிலிருந்து உதவி வந்து சேரும் வரை, பக்கத்தில் இருந்த புதுக்குடி ஊர்க்காரர்கள், தாங்களே வெள்ளத்துக்கு நடுவில் இருந்தபோதும், அரிசி பருப்பு திரட்டிக் கோயிலில் சமைத்துப் போட்டார்கள். கூட்டத்துக்குச் சமைக்கத் தெரிந்த ஊர், வேறொன்றுமில்லை. அதே ரயில் எங்கள் தெரு முனையில் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தேன். இன்டக்ஷன் அடுப்புக்குக் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை, விறகடுப்பு மூட்டத் தெரிந்தவர் பிரியாணி மாஸ்டர் ஒருவர்தான். ஆளுக்கொரு ஸ்டேட்டஸ் போட்டிருப்போம்.

பார்வையில் காணும் பிரிவு 30, மக்களுக்குப் பயிற்சியும் விழிப்புணர்வும் கிடைக்கச் செய்வதை மாவட்ட ஆணையத்தின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. சட்டம் கேட்பது எங்களுக்கான பயிற்சியை, நான் தருவதோ நடிப்பை. ஸ்வீடன் அரசு 2018இல் வீடு வீடாகக் கையேடு அனுப்பியது. 2024 நவம்பரில் மறுபடி அனுப்பியபோது, ஒரு வாரம் யார் உதவியும் இல்லாமல் சமாளிக்கத் தயாராக இருங்கள் என்றது. எங்களுக்குக் கையேடு அடிக்கச் செலவு வேண்டாம். வீட்டுவரி நோட்டீஸ் தவறாமல் வருகிறது. அதன் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி அளந்தது: வெள்ளத்துக்குப் பின்னே வரும் வயிற்றுப்போக்கில் குழந்தையைக் காப்பாற்ற இந்த ஒரு வரி அங்கே போதும். முழங்கால் நீர் வருமுன் மெயினை அணைக்கச் சொல்லி இன்னொரு வரி. மூடி இறுக்கிய காலி இருபது லிட்டர்க் கேனை மார்போடு கட்டிக்கொண்டால் தலை நீருக்கு மேல் நிற்கும் என்பதைப் படமாகவே போடலாம். கேன் இல்லாத வீட்டுக்குத் தெர்மாகோல் கொடுங்கள். அணை நீர் ஆவியாகாமல் இருக்க அதைப் பரப்பிப் பார்த்தார்கள். ஆவியாவதை அது தடுக்கவில்லை, ஆனால் மிதக்கும் என்பது 2017 ஏப்ரலில் வைகை அணையில் அரசு செலவிலேயே நிரூபணமாகிவிட்டது.

ஆகவே ஐயா, காயம்பட்டவர் பதவியிலிருந்து என்னைத் தூக்குபவராக உயர்த்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஒத்திகையை ஐப்பசி மழையில், இரவு இரண்டு மணிக்கு, முன்னறிவிப்பில்லாமல், பந்தல்குடி வாய்க்கால் ஓரத்தில் வையுங்கள். அந்த நேரத்துக்குச் சிறப்பு விருந்தினர் வரமாட்டார். அவர் இல்லாமலே தொடங்கிவிடலாம். சிவப்பு மையோடு படுக்க ஆள் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். அன்று தாங்களே படுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மட்டும் மூடாமல் இருங்கள். எங்கள் தெருக்காரர்கள் தூக்கிப் பழகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காயம்பட்டவர்.