தொல்லை அழிவின்மை விதி: இங்கிலாந்தின் படகு வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்ற முன்னோர், கட்டிய வீட்டில் குடியிருந்து பார் என்று மட்டும் சொல்லாமல் விட்டது ஏன் என்பது இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. வாடகை, அட்வான்ஸ், மேல்வீட்டுக் குளியலறையின் கசிவு, குடியிருப்போர் சங்கக் கூட்டம், மொட்டை மாடியில் துணி காயப்போடும் உரிமை என்று தரைவீட்டுத் தொல்லைகளுக்குக் கணக்கில்லை. இவை அத்தனைக்கும் மூலகாரணம் வீடு ஒரே இடத்தில் நிற்பதுதான் என்று கருதும் அறிஞர் குழாம் ஒன்று உண்டு. வீட்டைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் தொல்லை கரையிலேயே நின்றுவிடும் என்பது அவர்களின் கருதுகோள். லண்டனிலும் அதைச் சுற்றிய கால்வாய்களிலும் ஆயிரக்கணக்கானோர் இதைத் தம் சொந்தச் செலவில் சோதித்து வருகிறார்கள். அச்சோதனையின் முடிவுகளைப் பரிசீலித்து இக்கட்டுரை ஒரு விதியை முன்மொழிகிறது: வீட்டுத் தொல்லையை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றத்தான் முடியும்.

ஆய்வுக் களம் பற்றிச் சில சொற்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீளக் கால்வாய்களையும் ஆறுகளையும் 2012 முதல் 'கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை பராமரித்து வருகிறது. அதற்கு முன் அது அரசின் வேலை. இந்த நீர்வழிகளில் ஏறத்தாழ 35,000 படகுகள் இருக்கின்றன. விடுமுறைக்கு மட்டும் வந்து போவோரின் படகுகள் இவ்வாய்வுக்கு உரியவை அல்ல. வாரக் கடைசியில் மட்டும் அனுபவிக்கும் கஷ்டம் கஷ்டத்தில் சேராது.

களத்தின் முதன்மைக் கருவி நேரோபோட் என்னும் ஒடுங்கிய படகு. அகலம் 6 அடி 10 அங்குலம். இந்த அளவை முடிவு செய்தவர் வீடு கட்டத் தெரிந்தவர் அல்ல, ஆலை இயந்திரங்கள் செய்து பழகிய ஜேம்ஸ் பிரிண்ட்லி. 1760-களில் கால்வாய்கள் வெட்டியபோது, மேட்டில் படகை ஏற்றவும் இறக்கவும் இரு பக்கமும் கதவு வைத்த தொட்டிகளை அவர் அமைத்தார். லாக் என்று சொல்லப்படும் அத்தொட்டிகளுக்கு அவர் கொடுத்த அகலம் 7 அடி. தண்ணீரும் பணமும் மிச்சம் என்பது அவர் கணக்கு. இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு லண்டன்வாசியின் படுக்கையறை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதை அந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. பக்கச் சுவர்களின் மரப்பலகையும் வெப்பக்காப்புப் பொருளும் போக உள்ளே மிஞ்சுவது ஏறத்தாழ 6 அடி. ஒருவர் தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குளியலறைக்குப் போக வேண்டுமானால், சுடுபவர் வயிற்றை உள்ளிழுக்க வேண்டும். தம்பதியர் சண்டை போட்டுக்கொண்டு போய் உட்கார வேறு அறை கிடையாது. எனவே சண்டை சீக்கிரம் முடிகிறது. அல்லது முடிவதே இல்லை.

நீளத்தில் மட்டும் தாராளம். 72 அடி வரை போகலாம். ஆனால் வடக்கே சில லாக்குகள் குட்டையானவை. ஆகவே நாட்டில் எங்கும் போய்வர விரும்புவோர் 57 அடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கும் போகும் உரிமைக்குக் கொடுக்கும் விலை ஒரு கூடம்.

படகில் குடியிருப்பது நவீன மனிதரின் கண்டுபிடிப்பு என்று சிலர் எழுதுவதை ஆதாரங்கள் ஆதரிக்கவில்லை. ரயில் வந்து 1840-களில் கால்வாய்ச் சரக்குக் கூலி சரிந்தபோது, படகோட்டிகள் கரையிலிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டார்கள். வாடகை மிச்சம், சம்பளமில்லாத ஆளும் மிச்சம். சரக்குக்கு ஒதுக்கியது போகப் பின்பக்கம் கிடைத்தது சுமார் பத்தடி நீள அறை. வாசலருகே கரியடுப்பு, அலமாரியின் கதவைக் கீழே இறக்கினால் சாப்பாட்டு மேசை, இரவில் குறுக்கே பலகை போட்டால் கட்டில். அதில் ஐந்தாறு பிள்ளைகளும். ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தவாதி ஓயாமல் கிளர்ச்சி செய்ததில் 1877-இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. படகுகளைக் குடியிருப்பாகப் பதிவு செய்ய வேண்டும், எத்தனை பேர் தங்கலாம் என்பதற்கு வரம்பு, நேரில் பார்க்க ஆய்வாளர். வீட்டுத் தொல்லைகளில் மூத்ததான நகராட்சிக்காரர், ஆக, தண்ணீருக்கு வந்து சேர்ந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது.

காஷ்மீரத்தையும் இங்கே குறிப்பிடலாம். மகாராஜா காலத்தில் வெளியார் அங்கே நிலம் வாங்க முடியாது. கோடைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் படகு கட்டி நீரில் குடியேறினார்கள். நிலம் இல்லாதவனுக்கு நீர் என்னும் தத்துவத்தின் பணக்காரப் பதிப்பு அது.

நவீன காலத்தில் இக்கருதுகோளைப் பரப்பியவர் எல்.டி.சி. ரோல்ட் என்னும் பொறியாளர். 1939-இல் திருமணமான கையோடு மனைவியை 'கிரெஸ்ஸி' என்ற மரப்படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். 1944-இல் அந்தப் பயணம் புத்தகமாக வந்தது. 1951 வரை படகில்தான் வாழ்ந்தார். அப்புத்தகத்தைப் படித்துக் கால்வாய்மேல் காதல் கொண்டோர் ஏராளம். அடுத்த பரிசோதகர் நாவலாசிரியர் பெனிலோப் ஃபிட்ஸ்ஜெரால்ட். பிள்ளைகளோடு தேம்ஸில் பாட்டர்சீ அருகே 'கிரேஸ்' என்ற பழைய படகில் குடியிருந்தார். 1963-இல் வீடு மூழ்கிவிட்டது. குடும்பம் கடைசியில் நகர மன்றத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் போய்ச் சேர்ந்தது. அந்த வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'ஆஃப்ஷோர்' நாவலுக்கு 1979-இல் புக்கர் பரிசு கிடைத்தது. வீடு மூழ்கியதற்கு இவ்வளவு நல்ல இழப்பீடு வேறு எவருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. புதிதாகப் படகு வாங்குவோர் இதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி விதியின் நிரூபணம். முதலில் கழிப்பறை, ஏனெனில் இரண்டு படகுவாசிகள் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் பத்து நிமிடத்தில் அங்கேதான் வந்து நிற்கும். இதில் மூன்று மதங்கள் உள்ளன. கேசட் மதத்தார் இருக்கைக்கு அடியில் இருபது லிட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டி வைத்திருப்பார்கள். சில நாளுக்கொருமுறை அதைக் கழற்றி, சின்னத் தள்ளுவண்டியில் வைத்து, கரையோரப் பாதையில் நடந்து போய், எல்சான் என்று பெயர் பெற்ற கழிவிடத்தில் கொட்டிக் கழுவி வர வேண்டும். எதிரே நாயைக் கூட்டிக்கொண்டு வருவோர் மரியாதையாகக் குட்மார்னிங் சொல்வார்கள். பதிலுக்குக் குட்மார்னிங் சொல்ல வேண்டும். இரண்டாவது மதத்தார் படகுக்குள் பெரிய தொட்டியே கட்டி, படகுத்துறையில் காசு கொடுத்து உறிஞ்சவைப்பவர்கள். கேசட்காரரைக் கொஞ்சம் கீழாகப் பார்ப்பார்கள். கால்வாய் உறைந்து படகு நகராமல் தொட்டி நிரம்பும் வாரத்தில் அந்தப் பார்வை மாறும். மூன்றாமவர் எல்லாவற்றையும் உரமாக்குவோர். அவர்களின் உரத்தைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது என்கிறது டிரஸ்ட். மூன்று தரப்புக்கும் இடையிலான வாதம் வடகலை தென்கலை வழக்கைவிடச் சூடானது; தீர்ப்பு வரும் அறிகுறியும் இல்லை.

வெள்ளையடிக்கும் தொல்லை இங்கே கறுப்படிக்கும் தொல்லையாகிறது. படகின் அடித்தகடு வழக்கமாக 10 மில்லிமீட்டர் எஃகு, பக்கம் 6, கூரை 4. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை படகைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்து, சுரண்டி, தார் பூச வேண்டும். தகடு 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முகம் சுளிப்பார். மழையில் ஒழுகும் கூரைக்குப் பதில் மூச்சுக்காற்றின் ஈரமே சன்னலில் சொட்டும். மின்சார பில் இல்லை. ஆனால் சூரியத் தகட்டுக்கு டிசம்பரில் சூரியன் கிடைக்காது, இஞ்சினை ஓட்டி பேட்டரியை நிரப்பலாம் என்றால் இரவு 8 முதல் காலை 8 வரை ஓட்டக் கூடாது. அடுப்புக் கரியும் கேஸ் சிலிண்டரும் டீசலும் தனிப் படகில் வீட்டு வாசலுக்கே வரும். சிலிண்டர் சுமக்கும் தொல்லை மட்டும் உண்மையில் குறைந்திருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 முதல் கட்டாயம்.

இஞ்சினில் சிக்கும் பொருள்கள் தனி ஆய்வேட்டுக்கு உரியவை. படகு திடீரென்று இழுக்காமல் போனால், பின்பக்கத்தில் ஒரு மூடியைத் திறந்து, தோள்வரை குளிர்நீரில் கைவிட்டு விசிறியைத் துழாவ வேண்டும். பிளாஸ்டிக் பை, கயிறு, கோட்டு எல்லாம் வரும். கிராண்ட் யூனியன் கால்வாய் சௌத்தால், அல்பர்டன் என்று நம் ஆட்கள் நிறைந்த பகுதிகளைக் கடக்கும் இடத்தில் தேங்காய் மிதக்கும், சேலை சிக்கும் என்பது படகுக்காரர் பேச்சு. ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக நிற்கும் அல்பர்டனில் இஞ்சினுக்குத் திருஷ்டி கழிக்க வேறெங்கும் தேட வேண்டாம்.

வாடகையும் வீட்டுக்காரரும் என்ன ஆனார்கள்? உருமாறியிருக்கிறார்கள். லைசென்ஸ் கட்டணம், இன்சூரன்ஸ், நான்காண்டுக்கொருமுறை பாதுகாப்புச் சான்றிதழ். படகைக் கட்டிவைக்க நிரந்தர இடம் லண்டனில் கிடைப்பது அரிது, கிடைத்தால் வாடகை தலைசுற்றும். ஆகவே பலர் இடமே இல்லாமல் உலாவுகிறார்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்படிப்பட்டவர் எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. படகை நேர்மையாகவே பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும். 'இடம்' என்றால் எவ்வளவு தூரம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆண்டு முழுக்க 15, 20 மைலுக்குள்ளேயே சுற்றினால் ஏற்பது கடினம் என்பது டிரஸ்டின் நிலை. பிள்ளையின் பள்ளிக்கூடமோ நகர்வதில்லை. 2024 ஏப்ரலில் இடமில்லாப் படகுகளுக்குக் கட்டணத்தில் 5 சதவீதம் கூடுதல் வந்தது. ஆண்டுதோறும் அது ஏறுகிறது. ஆண்டுதோறும் ஏறுவது எதுவோ அதுவே வாடகை என்பது இவ்வாய்வின் துணைவிதி.

சிலிண்டரைத் தவிர்த்தால், ஒரே ஒரு தொல்லையில்தான் விதி சற்றுத் தடுமாறுகிறது: பக்கத்து வீட்டுக்காரர். படகுக்காரருக்கு அவர் ஒழிந்தார் என்று நினைத்தால் அதுவும் இல்லை. லண்டனில் கரை போதாமல் படகோடு படகைக் கட்டுகிறார்கள். வெளிப்பக்கத்துக்காரர் கரைக்குப் போக உள்பக்கத்துக்காரரின் மேல்தளத்தை மிதித்துத்தான் போக வேண்டும். நள்ளிரவில் தலைக்கருகே பூட்ஸ் சத்தம். விடிந்ததும் படகோரத்துப் பாசியை வாத்து கொத்தும் சத்தம். ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. தரைவீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் ஆயுளுக்கும் வாய்த்தவர். இங்கே அவருக்குச் சட்டப்படி 14 நாள் கெடு. அதற்கு முன்பே தாங்கவில்லையென்றால் முளையைப் பிடுங்கிக்கொண்டு மணிக்கு அதிகபட்சம் 4 மைல் வேகத்தில் தப்பியோடலாம். நடந்தே வந்து திட்ட அவரால் முடியும்தான்.

விதியைச் சரிபார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகு வாங்கும் முன் ஒரு வாரம் வாடகைப் படகில் இருந்து பாருங்கள். ஜூலையில் வேண்டாம், ஜனவரியில் போங்கள். லாக் பழுதுபார்ப்புக்காகப் பல கால்வாய்களில் பாதை அடைத்திருப்பது குளிர்கால மாதங்களில்தான்.