தூக்கத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு

நோய்களுக்குள்ளும் பந்தி வரிசை உண்டு. சர்க்கரைக்காரர் கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் அவருக்கென்று இனிப்பில்லாத காப்பி தனித் தம்ளரில் வரும். ரத்தக் கொதிப்புக்காரர் முன்னால் யாரும் சொத்துப் பேச்சை எடுக்க மாட்டார்கள். முழங்கால் வலிக்காரருக்கு உடனே நாற்காலி. தூக்கம் வராதவனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. "ராத்திரி பூரா தூங்கலை" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முகத்தில் இரக்கம் வராது. 'என்ன பாவம் பண்ணினானோ' என்ற பார்வைதான் வரும். பெரியப்பா சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "உடம்பு வளைஞ்சு வேலை செஞ்சா தூக்கம் தானா வரும்டா" என்பார். "ராத்திரியில போனைத் தொடாதே" என்று சொல்வதற்காகவே பதினொரு மணிக்குப் போன் செய்த நண்பர் ஒருவரும் எனக்கு உண்டு.

அறிவுரை முடிந்தால் கைவைத்தியம். கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து குடித்தேன். ஜாதிக்காயை இழைத்துக் குடித்தேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன். நடுராத்திரியில் பாத்ரூம் போகும் வழியில் வழுக்கியதில், வரலாமா என்று வாசலில் நின்ற தூக்கமும் திரும்பிப் போய்விட்டது. சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகனுக்கும் இதே கோளாறு. அரைக் கிலோ கசகசா பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். அலறிவிட்டான். அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள், அபினிச் செடியின் விதை அல்லவா! அன்றைக்கு அவனுக்குச் சுத்தமாகத் தூக்கம் போயிற்று என்று பிறகு அத்தை சொன்னாள்.

நீலாம்பரி தூங்க வைக்கும் ராகம் என்றார்கள். வாஸ்தவம்தான். ஆலாபனை முடியும்போது கண் சொருகியது. அந்த நேரம் பார்த்து போனில் ஒரு அம்மாள் பிரஷர் குக்கர் விளம்பரத்துக்காக வீறிட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் பக்கத்தில் ஒருத்தி தூங்குகிறாள் பாருங்கள், அதுதான் பெரிய சோதனை. "கேஸை மூடினீங்களா?" என்று என் மனைவி ஆரம்பிப்பாள். 'கேஸை' வரைக்கும் விழிப்பு; 'மூடினீங்களா' குறட்டையோடு வரும். அதற்கப்புறம் கேஸை மூடினேனா இல்லையா என்று மோட்டுவளையைப் பார்த்தபடி நான்.

தூக்கம் வராதவர்கள் குடும்பத்துக்குப் பூர்வீகம் பெரிது. குறுந்தொகையில் ஔவையாரின் தலைவி, தன் வேதனை தெரியாமல் தூங்கும் ஊரின் மேல் ஆத்திரப்படுகிறாள். கத்திக் கூப்பாடு போட்டு எழுப்பிவிடலாமா என்றுகூட யோசிக்கிறாள். கொல்லன் அழிசி பாட்டில் வருகிறவள் இன்னும் முற்றிய கேஸ். ஊர் தூங்குகிற நேரத்தில் நொச்சிப் பூ உதிர்கிற சத்தம் அவள் காதில் விழுகிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். காப்பி இல்லாத காலத்திலேயே நம்மவர்கள் இப்படி விழித்துக் கிடந்திருக்கிறார்கள் என்றால், இது நம் கலாசாரம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களுக்குக் காரணம், காதலன் பக்கத்தில் இல்லை. என் காதலி பக்கத்தில்தான் இருக்கிறாள், குறட்டையோடு.

கடைசியில் சேலத்து மாமா தீர்ப்புச் சொன்னார். "மாப்ளே, மருந்து மாத்திரையெல்லாம் வேண்டாம். ஏற்காட்டுல போய் நாலு நாள் படுங்க. வெள்ளைக்காரன் சும்மாவா மேல ஏறினான்?"

சேலத்திலிருந்து பஸ். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வாசல் வளைவு மட்டும் தனியாக நிற்கிறது. எத்தனையோ படங்களுக்கு ராப்பகலாக ஷூட்டிங் நடந்த இடம்; அங்கேயும் எத்தனை பேர் தூங்காமல் கிடந்தார்களோ. அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் இருபது. மேல்நாட்டில் தூக்கம் வராவிட்டால் ஆட்டை எண்ணுவார்களாம். நான் வளைவை எண்ணினேன். இரண்டாவது வளைவிலேயே மனைவி தூங்கிவிட்டாள். பஸ் இடது பக்கம் திரும்பினால் என் தோளில், வலது பக்கம் திரும்பினால் கம்பியில். பதினைந்தாவது வளைவில் காது அடைத்து, ஜன்னலில் குரங்கு எட்டிப் பார்த்தபோதும் அவள் அசையவில்லை. இருபதாவது வளைவு முடிந்ததும் சொல்லி வைத்தாற்போல் கண்ணைத் திறந்து, "நல்ல காத்து இல்லீங்க?" என்றாள்.

மாமா சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. தூக்கம் பிடிக்க வேண்டுமானால் உடம்பின் உட்சூடு சற்று இறங்க வேண்டும். கை கால் வெதுவெதுப்பாகவும் அறை குளுமையாகவும் இருந்தால் அந்தச் சூடு சுலபமாக வெளியேறும். சென்னை மே மாதத்தில் சூடு வெளியே போவதாவது, வெளிச்சூடு உள்ளே வராமலிருந்தால் போதாதா? ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கம்பளி, காலுறை, திறந்த ஜன்னல். கணக்குப்படி நான் பிணமாகத் தூங்கியிருக்க வேண்டும்.

நாங்கள் தங்கியது ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இருந்த பழைய பங்களா. படுத்த பிறகுதான் கவனித்தேன், அறையில் மின்விசிறி கிடையாது. குளிர்ப்பிரதேசத்தில் அது எதற்கு என்று நினைத்திருப்பார்கள். சென்னைவாசிக்கு ஃபேன் என்பது காற்றுக்கு மட்டுமா? 'டக்கு டக்கு' என்ற அந்தச் சத்தத்தில்தானே நாங்கள் வளர்ந்தோம்! அது இல்லையென்றதும், உலகத்தில் இருக்கிற மற்ற சத்தமெல்லாம் வரிசையில் வந்து ஆஜராயின. சில்வண்டு ஒரு சுருதியில் பிடித்தது. தவளை தாளம் போட்டது. ஓட்டின் மேல் ஏதோ ஒன்று நடந்து, நின்று, யோசித்து, திரும்பி நடந்தது. நொச்சிப் பூ விழுகிற சத்தம் மட்டும்தான் பாக்கி; மரம் இருந்திருந்தால் அதையும் கேட்டிருப்பேன்.

காலையில் வெளியே வந்து பார்த்தால், சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைத் தழுவி ஏறிய மிளகுக் கொடி, நிழலில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காப்பிச் செடி. தூக்கத்தைத் தேடி நான் வந்து சேர்ந்திருப்பது, இரண்டு நூற்றாண்டாக ஊரையே விழிக்க வைத்துக்கொண்டிருக்கும் மலைக்கு!

இதில் ஒரு சுவையான பொருத்தம் உண்டு. 1819-ல் ஜெர்மானியக் கவிஞர் கதே, ரூங்கே என்ற இளம் வேதியியலாளரிடம் கொஞ்சம் காப்பிக்கொட்டையைக் கொடுத்து, "இதில் என்ன இருக்கிறதென்று பார்" என்றார். பார்த்தபோது அகப்பட்டதுதான் கஃபீன். அதற்கு அடுத்த சில வருடங்களில், சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன், ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை ஊன்ற ஆரம்பித்துவிட்டார். அங்கே ஒருவர் குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறார், இங்கே ஒருவர் அவனுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால்தான் நமக்குக் கண் சொக்கும். கஃபீன் முந்திக்கொண்டு அந்த இடத்தில் துண்டு போட்டுவிடுகிறது. அடினோசின் நின்றுகொண்டே பயணம் செய்ய வேண்டியதுதான். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, ராத்திரி பத்து மணிக்கும் ரத்தத்தில் உலாத்திக்கொண்டிருக்கும். ஆனால் ஏரிக்கரையில் பனி இறங்கும் நேரத்தில், சுடச்சுட மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வெந்நீரா குடிக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

ஊர் சுற்றியதில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கும் போனோம். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர், 1912-ல் கல்கத்தாவில் இறந்தார். இறந்த பிறகும் ஓய்வெடுக்க இந்த மலைக்கே வந்திருக்கிறார். மாமாவின் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எனக்குப் பொறாமையாக இருந்தது.

1,623 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் கோயில். குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். "என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்றாள் மனைவி. "தூக்கம்." "சாமிகிட்ட கேக்கறப்போ தெளிவா கேக்கணும். தினசரி ஏழு மணி நேரம்னு சொன்னீங்களா? பொத்தாம் பொதுவா தூக்கம்னு கேட்டா ஒரேயடியா குடுத்துடப் போறாரு." சாமிகளுக்கு என்ன, கொடுத்து வைத்தவர்கள். மதுரையில் மீனாட்சிக்கும் சொக்கருக்கும் தினமும் ராத்திரி பள்ளியறை பூஜை. பாலும் பாட்டும் வைத்து ஊரே கூடித் தூங்க வைக்கிறது. போனைத் தொடாதே என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

என்னைக் காப்பாற்றியவர் பங்களா வாட்ச்மேன். அறுபது வயதிருக்கும். குரங்குக் குல்லா, கம்பளி, டார்ச் லைட், ஒரு தடி. ராத்திரி ஒன்பது மணிக்கு வராந்தாவில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, "காட்டெருமை இறங்கி வருதுங்க சார், வெளிய வராதீங்க" என்று எச்சரித்துவிட்டு உட்கார்வார். பத்து மணிக்கு அவர் குறட்டை வராந்தாவில், மனைவியின் குறட்டை அறையில். தோட்டத்துக்கு உண்மையில் காவல் இருந்தது நான்தான்.

மறுநாள் அவரிடம் மெதுவாகக் கேட்டேன். வெட்கப்பட்டார். "அதையேன் சார் கேக்கறீங்க. பகல்ல வீட்ல படுத்தா பொட்டுத் தூக்கம் வராதுங்க. இங்க வந்து, இன்னிக்குத் தூங்கவே கூடாதுன்னு நினைச்சு உக்காந்தேன்னா போதுங்க, சொக்கிக்கிட்டு வருதுங்க."

அவருக்கு ராண்டி கார்ட்னர் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் சான் டியாகோ பள்ளிப் பையன், பதினேழு வயது. 1964-ல் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பதினொரு நாள் தூங்காமல் இருந்து சாதனை படைத்தான். இது உடம்புக்கு ஆபத்து என்பதால் கின்னஸ்காரர்கள் இப்போதெல்லாம் இந்தச் சாதனையை ஏற்பதே இல்லை. வயதான பிறகு அந்த கார்ட்னரே தூக்கம் வராமல் அவதிப்பட்டதாகச் சொன்னார். வாட்ச்மேன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "பதினொரு நாள் டூட்டிக்கு எவ்வளவு சார் குடுத்தாங்க?" என்றார்.

அன்று ராத்திரி நாங்கள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர் உள்ளே போய்ப் படுப்பது. நான் குல்லாவும் டார்ச்சுமாக நாற்காலியில் காவல் இருப்பது. காட்டெருமை வந்தால் எழுப்ப வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தூங்கிவிடக் கூடாதே என்ற பயத்தோடு இருட்டை முறைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான் ஞாபகம். கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. வாசலில் இருந்த செவ்வந்திப் பாத்தியைக் காணோம். குளம்புத் தடம் மட்டும் தாராளமாக இருந்தது. பங்களா மேனேஜர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நேத்து ராத்திரி யாரு டூட்டி?" என்றார். வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

சென்னை திரும்பி ஒரு மனநல மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அந்த அம்மாள் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். வியன்னாவின் விக்டர் ஃபிராங்கல் பல வருடங்களுக்கு முன்பே சொன்ன உபாயமாம் இது. தூங்க முயற்சி செய்கிற வரைக்கும் மூளை டூட்டியில்தான் இருக்கும். விழித்திருக்க முயற்சி செய், முயற்சியும் ஓயும், தூக்கமும் வரும். எங்கள் வாட்ச்மேன் வியன்னா போனதில்லை.

"குறட்டை விடுவாரா? நடுவுல மூச்சு நிக்குதா?" என்று மனைவியிடம் கேட்டார். அப்படியிருந்தால் அது வேறு வியாதி, வேறு வைத்தியம். "தூங்கினாத்தானே டாக்டர் குறட்டை விட" என்றாள் இவள்.

மாத்திரை தருவார் என்று காத்திருந்தேன். நடத்தைச் சிகிச்சைதான் முதலில், மாத்திரை அப்புறம் பார்க்கலாம் என்றார். அமெரிக்க மருத்துவர் கல்லூரியும் 2016-ல் அப்படித்தான் பரிந்துரைத்திருக்கிறது. இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்று தோன்றினால், படுக்கையில் புரளாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். கண் சொருகினால்தான் திரும்பலாம். இது 1972-ல் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்தது. கட்டிலைப் பார்த்தால் கவலை ஞாபகம் வரக்கூடாது, தூக்கம்தான் ஞாபகம் வர வேண்டுமாம். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். மத்தியானத்துக்குப் பிறகு காப்பி இல்லை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட.

கடைசியாக ஒன்று சொன்னார், அதுதான் குடும்பத்தில் குண்டு போட்டது. 1987-ல் ஆர்தர் ஸ்பீல்மன் எழுதிய முறை. ஒன்பது மணி நேரம் படுத்துக்கிடந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறேன் என்றால், எனக்குக் கட்டிலே ஐந்தரை மணி நேரத்துக்குத்தான். பன்னிரண்டரைக்கு முன்னால் படுக்கக் கூடாது. தூக்கம் கெட்டிப்பட்ட பிறகு கால் மணி கால் மணியாகக் கூட்டித் தருவார். வலிப்பு உள்ளவர்கள், ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் தாங்களாக இதில் இறங்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். ஒன்பதரைக்கே எனக்குத் தலை தொங்குகிறது. சீரியல் வில்லி முகம் மங்குகிறது. உட்கார்ந்தபடி, நின்றபடி, ஒருநாள் பல் தேய்த்தபடி தூங்கப் பார்த்தேன். என்னை விழிக்க வைக்கிற பொறுப்பை டாக்டர் என் மனைவியிடம் ஒப்படைத்திருக்கிறார். "தூங்காதீங்க! இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு!" என்று விலாவில் குத்துகிறாள். அதற்கு அவள் விழித்திருக்க வேண்டுமே. ஏற்காட்டில் வாங்கி வந்த காப்பித்தூள் ராத்திரி பத்து மணிக்கு அவளுக்காக ஃபில்டரில் இறங்குகிறது. பன்னிரண்டரைக்கு நான் கட்டிலில் விழுந்த பிறகு அவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாளாம். அடுத்த மாதம் டாக்டரிடம் ரெண்டு டோக்கன் போடச் சொல்லியிருக்கிறாள்.