தகவல் கசிந்தால் வழி என்ன?

கேள்வி: ஆன்லைனில் பணம் கட்டிய ஒரு நிறுவனத்திலிருந்து கார்டு விவரங்கள் கசிந்துவிட்டனவாம். சட்டம் எனக்குத் துணை நிற்குமா?
- எலுமிச்சை வியாபாரி, புளியங்குடி

பதில்: நிற்கும், ஆனால் நீங்கள் ஓட வேண்டும். சட்டமும் எலுமிச்சை மாதிரிதான். நாள் தள்ளினால் சாறு வற்றிவிடும். கசிவு உங்கள் தவறாலும் வங்கியின் தவறாலும் நேராமல் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், 3 வேலை நாட்களுக்குள் வங்கியில் புகார் கொடுங்கள். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி நயா பைசா உங்கள் தலையில் விழாது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே போன் போடுங்கள். வங்கி 30 நாள் வாய் திறக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள், கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையமும் உண்டு.

நம் பக்கத்துத் தூத்துக்குடியையே பாருங்களேன். 2007-இல் போலி மின்னஞ்சலை நம்பி, ஐசிஐசிஐ வங்கிக் கணக்கிலிருந்து ஆறரை லட்சம் ரூபாய் வரை இழந்தார் ஒருவர். 'ரகசிய எண்ணைக் கொடுத்தது நீங்கள்தானே' என்றது வங்கி. அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்ப்பு சொல்லும் அதிகாரியான மாநில ஐ.டி. துறைச் செயலாளரிடம் முறையிட்டார். 2010 ஏப்ரலில் 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி வரை அபராதம் போடும். ஆனால் அது அரசுக்குப் போகும்; பறிகொடுத்தவருக்கு இழப்பீடு இல்லை. இது அநியாயம், திருத்தியாக வேண்டும்.

புகார் எண்ணையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.