சனிக்கிழமை சாயங்காலம்: ஐயர் பதில்கள்

(சபைக் கணக்கு, கல்யாண ஓலை, ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் ஓய்ந்த நேரத்தில் எழுதுகிறேன். பதில் காரமாயிருந்தால் வாரத்தின் குற்றம்.)

கே: பிரசங்கத்தில் தூங்குவது பாவமா ஐயரே? - திசையன்விளை வாசகர்

ப: பவுல் அப்போஸ்தலன் பேசும்போதே ஐத்திகு என்றொரு வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப் போய் அவனை உயிரோடு மீட்டார். பிறகு? திரும்ப மேலே ஏறி, விடியும்வரை பேசினார்! பேசுகிறவர்கள் எந்தக் காலத்திலும் திருந்துவதில்லை. எழுப்பும் வரம் எனக்கு இல்லை; ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காருங்கள்.

கே: என் மாமியார் குடும்ப ஜெபத்திலேயே என்னைக் குத்திக்காட்டுகிறார். "ஆண்டவரே, இந்த வீட்டில் சிலரை அதிகாலையில் எழுப்பிவிடும்" என்கிறார். - பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

ப: முதல் ஆளாக "ஆமென்" போடுங்கள். மறுநாள் உங்கள் முறை வரும். அவருடைய நாவுக்கு நல்ல ஓய்வு கேளுங்கள். 'உம்மை விட்டுப் பிரியேன்' என்று ரூத் உருகியது புருஷனிடம் அல்ல, மாமியாரிடம். ஆனால் ஒன்று: அந்தப் பேச்சு நடந்தது நடுவழியில். அடுக்களையில் அல்ல.

கே: கிழிந்த பத்து ரூபாய் நோட்டைக் காணிக்கைப் பையில் போடலாமா?

ப: கண்டக்டர் வாங்காததைக் கடவுள் வாங்குவார் என்கிறீர்கள். விசுவாசம் பெரிது!

கே: கடவுள் பெயரே வராத புத்தகம் பைபிளில் உண்டாமே? - கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப: எஸ்தர். எபிரெய மூலத்தில் தேடினாலும் அகப்படாது. பெயர் இல்லை, காரியம் கச்சிதமாக நடக்கிறது. எங்கள் கமிட்டி நடவடிக்கைப் புத்தகத்தில் வரிக்கு வரி அவர் பெயர் உண்டு.

கே: எங்கள் ஊர்க் கோயில் கட்டுமானம் ஒன்பது வருஷமாக இழுக்கிறது. வெட்கமாக இல்லையா?

ப: இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847இல் அஸ்திவாரம் போட்ட கோயில் 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. 33 வருஷம்! ஆனால் மனுஷன் இடையில் சும்மா இருக்கவில்லை. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி, தமிழின் குடும்பம் எதுவென்று உலகத்துக்கே காட்டினார். உங்கள் கமிட்டியும் இடையில் நிறைய எழுதியிருக்கிறது. எல்லாம் மொட்டைக் கடிதம்.

கே: ஆராதனைக்கு ஐம்பது பேர், அசனத்துக்கு ஐந்நூறு பேர். இதென்ன பக்தி? - ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சாயர்புரம்

ப: ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தாரே ஆண்டவர், மறுநாளும் கூட்டம் அவரைத் தேடிக்கொண்டு வந்தது. வயிறு நிறைந்ததால்தான் தேடுகிறீர்கள் என்று அவரே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவருக்கே அப்படி; நான் எம்மாத்திரம்?

ஆனாலும் சார், அசனத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வசதியுள்ளவர் அரிசி மூட்டை தருகிறார், இல்லாதவர் விறகு சுமக்கிறார். உலையில் கொட்டியபின் எது யார் அரிசி? கார்க்காரரும் பனையேறியும் அடுத்தடுத்த இலையில் ஒரே குழம்பை ஊற்றிப் பிசைகிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் எழுப்பியவர்கள் நம்மவர்கள். செத்தவர்களைப் பிரிக்க முடிந்தது, பசித்தவர்களைப் பிரிக்க முடியவில்லை. என் பிரசங்கம் சாதிக்காததைக் கறிக்குழம்பு சாதிக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கே: 'நாசரேத்திலிருந்து நன்மை வருமா' என்று நாத்தான்வேல் எங்கள் ஊரை இளக்காரமாகக் கேட்டாரே, கோபம் வராதா? - நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்

ப: அவர் கேட்டது கலிலேயா நாசரேத்தை. உங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷன் அவர் கணக்கில் வராது. அவராவது ஆண்டவரை நேரில் போய்ப் பார்த்ததும் கருத்தை மாற்றிக்கொண்டார். வாட்ஸ்அப்பில் ஊரைப் பழிப்பவர்கள் நேரில் வருவதே இல்லை.

கே: சரக்குக்குக் கானா ஊர்க் கல்யாணத்தைச் சாட்சி சொல்கிறான் என் தம்பி.

ப: ஆறு கற்சாடியிலும் முதலில் நிரப்பியது தண்ணீர். அந்த வேலையைத் தம்பிக்குக் கொடுங்கள்.

கே: கோயிலில் முதல் பெஞ்சு மட்டும் ஏன் எப்போதும் காலி?

ப: யாக்கோபும் யோவானும் ஆண்டவருக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இடம் கேட்டார்கள், மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல். அந்தப் போட்டி சாகவில்லை, திருமண்டலத் தேர்தலுக்கு இடம் மாறிவிட்டது. முதல் பெஞ்சுக்கு வேட்புமனு வேண்டாம், டெபாசிட் வேண்டாம். நாளைக் காலை ஏழரைக்கு வந்து உட்காருங்கள்.