மருமகனே, முதல்ல நட்டைக் கேளு

வா மருமகனே, அந்தப் போனை இப்படிக் காட்டு. அட, ஒரே பிடிக்குள்ள 19 சாமானாம்! கிராங்க் பிரதர்ஸ் எம்19, சைக்கிளுக்கான மல்டி டூல். எடை 175 கிராம்தானாம். உங்க அத்தை கொண்டுவந்த சீர்வரிசையிலகூட 19 உருப்படி இல்லடா. சத்தமாச் சொல்லாதே, அடுப்படியில இருக்கா.

வாங்க வேணாம்னு நான் சொல்லல. ஆனா அந்த 19 என்னென்னன்னு எண்ணிப் பார்த்தியா? அலன் கீ மட்டும் 7. நட்சத்திர முனை 2. ஸ்குரூ டிரைவர் 3. ஸ்போக் கம்பியை முறுக்குற வாய் 4, அதையும் தனித்தனியா எண்ணியிருக்கான் பாரு, கெட்டிக்காரன். செயின் முள்ளைத் தள்ளுறது 1. ஸ்பேனர் 2, ஒண்ணு 8 மில்லிமீட்டர், மத்தது 10. கணக்கு சரிதான். இப்ப எழுந்து போய் உன் சைக்கிளோட பின்சில்லு நட்டை அளந்து பாரு. 15 மில்லிமீட்டர். 19க்குள்ள 15 இல்லியே மருமகனே!

உன்கிட்ட இருக்கிறது கியர் இல்லாத லுமாலா. 2022ல பெட்ரோல் வரிசையில நின்னு நின்னு கால் வீங்கி, ஜூன் கடைசியில தனியார் வாகனத்துக்கு எண்ணெயே இல்லன்னு அரசாங்கம் கையை விரிச்சதும் ஓடிப்போய் வாங்கினியே, அதேதான். அதுல அலன் கீ நுழையிற ஓட்டையைத் தேடிப் பாரு. ஹாண்டில் தண்டுல ஒண்ணு இருந்தா உன் யோகம். மத்ததெல்லாம் நட்டு. பிரேக் கம்பிக்கு 10, சீட்டுக்கு 13 இல்லாட்டி 14, பின்சில்லுக்கு 15. செயின் தொய்ஞ்சா அந்த 15ஐ ரெண்டு பக்கமும் தளர்த்தி, சில்லைப் பின்னால இழுத்து இறுக்கணும். அலன் கீ ஏழையும் வரிசையா நிறுத்தி வச்சு மந்திரம் சொன்னாலும் அந்த நட்டு அசையாது.

ஹார்ட்வெயார் கடையில எலும்புத்துண்டு மாதிரி ஒரு ஸ்பேனர் தொங்கும். ரெண்டு நுனியும் குண்டு, சுத்திவர ஓட்டை. 6ல இருந்து 15 வரை 10 அளவு. போன்ல விளம்பரம் வராததால அது உன் கண்ணுல படாது. அதுலயும் குறை இருக்கு. நட்டுல கொஞ்சம் ஆடும், பலமா அழுத்தினா மூலை மழுங்கிடும். அதனால அது வழியில அவசரத்துக்கு மட்டும். வீட்டுல நல்லதா ஒரு 14-15 ஸ்பேனர் வச்சுக்க.

உன் கூட்டாளிகிட்ட கியர் சைக்கிள் இருக்கே, அவன் வேணும்னா மல்டி டூல் வாங்கட்டும். அவனுக்கு 4, 5, 6 அலன் கீ மூணும்தான் சோறு போடும். டிஸ்க் பிரேக் இருந்தா டி25 நட்சத்திரம் வேணும், செயின் அறுந்தா முள் தள்ளி வேணும். உன் சைக்கிளோட தடிச்ச செயின் சில மல்டி டூலோட வாய்க்குள்ளயே போகாது. அப்புறம் பெடல். குட்டிச் சாமானுக்குக் கைப்பிடி குட்டை, பெடலைக் கழட்டுற பலம் அதுல வராது. இடது பெடலுக்கு மரை தலைகீழ். வழக்கமா கழட்டுற பக்கம் திருப்பினா இன்னும் இறுகும். அது தெரியாம நீ தொங்கிக்கிட்டு நிக்கிறதைப் பார்க்க எனக்கு ஆசைதான்.

இன்னொண்ணு. கழட்டினா திரும்பப் பூட்டவும் தெரியணும். நம்ம கெடிகேயைப் பாரு. பல்லவர் பாணியில கட்டின கல் கோயில். போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தப்போ தண்ணியில மூழ்கிடுமேன்னு கல் கல்லாக் கழட்டி, மேட்டுல மறுபடி பூட்டினாங்க. அந்தக் கோயிலே திரும்பப் பூட்டுப்பட்டு நிக்குது. நீ பிரேக்கைக் கழட்டினா மட்டும் ஒரு வாஷர் மிஞ்சும். அதைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு, "கம்பனிக்காரன் கூடுதலா வச்சிட்டான் மாமா"ன்னு வருவே.

தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓடுற ரோட்டோரத்துல உனக்கு நடக்கப் போறது என்ன? பஞ்சர். அதுக்கு 19ல எது உதவும்? ஒண்ணும் இல்ல. டயர் நெம்புற லீவர் ரெண்டு, ஒட்டு, சொல்யூஷன், ஒரு சின்னப் பம்பு, இதுதான் வேணும். ஒட்டுப் போட பின்சில்லைக் கழட்டவும் வேணாம். டயரோட ஒரு பக்கத்தை நெம்பி டியூபை வெளியே இழு, காத்தடிச்சு தண்ணியில அமுக்கு, குமிழி வர்ற இடத்தைத் துடைச்சு, உரசி, ஒட்டு. டயருக்குள்ள விரலை மெதுவா ஓட்டி முள்ளைத் தேடு. அதை மறந்தா அரை மைல்ல மறுபடி உட்காருவே. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதே, அது மண்ணைப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் உன் தலைக்கு, அங்கதான் வறட்சி அதிகம்.

அதனால நாளைக்குக் கடைக்குப் போகும்போது சைக்கிளையும் உருட்டிக்கிட்டுப் போ. கடைக்காரர் கண் முன்னாலயே ஒவ்வொரு நட்டுலயும் வச்சுப் பார்த்து, பொருந்துறதை மட்டும் வாங்கு. அவர் முறைச்சா, மாமா அனுப்பினார்னு மட்டும் சொல்லிடாதே. அங்க எனக்குப் பழைய கடன் இருக்கு.